திரையிற் கண்ட கள்வர்

சென்ற ஆறேழு மாதங்களாகச் சனிக்கிழமை இரவுகளில், எங்கள் ஊரிலே ஆசிரிய நண்பர் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்த்து வருகின்றோம். சுவரிலே ஒரு வெள்ளை வேட்டி கட்டப்பட்டிருக்கும். இரவல் வாங்கிய சிறு கருவியொன்று அதன்மீது ஒளியைப் பாய்ச்சும். காற்றடித்தால் வேட்டி அசையும். படத்தில் வரும் மாந்தரும் கூடவே அசைவர். இதனைத் திரைப்படச் சங்கம் என்று அழைக்க எமக்குத் துணிவு வந்ததில்லை. தலைவருமில்லை, செயலாளருமில்லை, சந்தாவுமில்லை. தேநீருக்கு வேண்டிய சீனியை மட்டும் முறை வைத்துக் கொண்டு வருகின்றோம். ஒரு கிழமை பழைய படமென்றால் மறுகிழமை புதிய படம் என்பதொன்றே எங்கள் யாப்பு.

பார்த்தவற்றைப் பற்றி மனத்திற் பட்டதை எழுதுமாறு நண்பர்கள் வற்புறுத்தினர். ஆகவே இஃது ஆராய்ச்சியுமன்று, படக்கலையின் நுட்பங்களைக் கற்றறிந்தவன் எழுதுவதுமன்று. தமிழ் இலக்கியத்தைப் படித்து, அதனையே படிப்பித்து வயிறு வளர்க்கும் ஒருவனுடைய அபிப்பிராயங்களே இவை. எவரும் திட்டமிடாது கைக்கு வந்தவற்றையே பார்த்தோமாயினும், அப்படங்கள் பலவற்றிலே ஒரே பொருள் மீண்டும் மீண்டும் வந்து நின்றமை சில கிழமைகளின் பின்னரே எமக்குப் புலனாயிற்று. அப்பொருள் களவு. களவென்றதும் அகப்பொருளிலக்கணம் நினைவுக்கு வரும் தமிழ்ப் பட்டதாரிகள் சற்றே பொறுத்தருள்க. நான் பேச வந்தது வயிற்றுக் களவைப் பற்றி.

எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவருடைய விருப்பத்துக்கிணங்க முதலிற் பார்த்தது 1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'மலைக்கள்ளன்'. நாமக்கல் இராமலிங்கம் பிள்ளையின் நாவல், ஸ்ரீராமுலு நாயுடுவின் நெறியாள்கை, மு. கருணாநிதியின் வசனம், எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்தனர். இந்தியக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைத் தமிழுக்கு முதன்முதலிற் கொண்டுவந்த படம் அது. தென்னிந்திய மொழிகள் பிறவற்றிலும் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டதோடு, 1957இல் 'சூரசேன' என்ற பெயரிற் சிங்களத்துக்கும் வந்து சேர்ந்தது. இத்தனை மொழி பேசும் மக்களும் ஒரு கள்வனை இவ்வளவு விரும்பினார்கள் என்றால் அதற்கொரு காரணம் இருக்கவே வேண்டும்.

இக்கள்வன் பசித்தவனல்லன். தனக்கென்று எதனையும் எடுப்பவனுமல்லன். மலையிலே தனக்கென ஓர் இராச்சியம் வைத்திருக்கின்றான். வேண்டும்போது வேடம் மாற்றிக்கொண்டு செல்வந்த வணிகனாகவும் உலாவுகின்றான். ஈற்றில் அவன் நல்ல குடியிற் பிறந்து காணாமற் போனவன் என்பது வெளிப்பட, பார்ப்போரின் மனமும் கதாநாயகியின் குடும்பமும் ஒருங்கே ஆறுதலடைகின்றன. அஃதாவது, அவன் செய்த களவை அவனுடைய பிறப்பு கழுவிவிடுகின்றது! ஏழைகளுக்கு அவன் கொடுக்கின்றான், ஏழைகளோ வாங்குகின்றார்கள். கொடுப்பவன் ஒருவன், வாங்குவோர் பலர் என்ற பழைய ஏற்பாட்டிலே பண்ணையாருக்குப் பதிலாகக் கதாநாயகன் வந்து நிற்கின்றானேயன்றி வேறெதுவும் மாறவில்லை. பிற்காலத்திலே தமிழ்நாட்டு அரசியல் மேடையில் ஏறிய வள்ளல் உருவத்தின் முதல் ஒத்திகைகளுள் ஒன்றாகவும் இதனைக் கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் நான் சற்று உற்சாகத்தோடு எடுத்துரைத்தபோது, தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, உமக்கு அது விளங்காது. நாங்கள் கள்ளனைப் பார்க்கப் போகேல்லை. ஒருநாளெண்டாலும் பணக்காரன் பயந்து நிக்கிறதைப் பார்க்கப் போனம்" என்றார். இதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இப்போதும் இல்லை. பொழுதுபோக்குப் படங்களைப் 'போதை' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்ற எம்போன்றோர், அப்போதையை நாடி வந்தவனுடைய நோயை விசாரிப்பதில்லை.

மறுகிழமை விற்றோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்'. 1948ஆம் ஆண்டுப் படம். இத்தாலிய நவயதார்த்தவாதத்தின் உச்சங்களுள் ஒன்றாகப் பாடநூல்களிற் குறிப்பிடப்படுவது. பல்கலைக்கழக நாட்களில் ஒருமுறை பார்த்து, 'நல்ல படம்' என்று குறித்து வைத்துக்கொண்டு மறந்துபோனேன். இருபது வயதிற் பார்ப்பதும், குடும்பப் பொறுப்பேற்ற பின்னர் பார்ப்பதும் ஒன்றல்ல.

கதை ஒரு கைப்பிடியளவுதான். போர் முடிந்த உரோமாபுரி. வேலையற்றோர் கூட்டத்திலிருந்து அந்தோனியோ ரிச்சி என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. அதற்குச் சைக்கிள் வேண்டும்; சைக்கிளோ அடகிலே. மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவிக்கொண்டுபோய் அடகு வைக்கின்றாள், சைக்கிள் மீட்கப்படுகின்றது. வேலையின் முதல் நாளிலேயே அது களவாடப்படுகின்றது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவனும் சிறுமகன் புரூனோவும் நகரெங்கும் அதைத் தேடி அலைகின்றனர். இவ்வளவே.

ஆனால் அடகுக்கடைக் காட்சியைக் கவனியுங்கள். மரியாவின் விரிப்பு மூட்டையை ஊழியன் ஒருவன் எடுத்துச் செல்கின்றான். அடுக்குத் தட்டுகளிலே ஏறுகின்றான், இன்னும் ஏறுகின்றான், கூரையைத் தொடுமளவுக்கு மூட்டை மூட்டையாக அங்கே விரிப்புகள். ஒரு சொல் இல்லை. ஒரு நகரம் முழுவதும் வெறும் கட்டிலிற் படுக்கின்றது என்பதைச் சொல்ல டி சிக்காவுக்குச் சில கணங்களே தேவைப்பட்டன. நம்மவர் படமாயிருந்தால் இவ்விடத்திலே மரியா தன் சீதன விரிப்பைப் பற்றி ஒரு பக்க வசனம் பேசியிருப்பாள். பின்னணியில் வயலின் அழுதிருக்கும்.

களவைப் பதியப் பொலிசுக்குச் செல்கின்றான் அந்தோனியோ. அதிகாரி விபரத்தை எழுதிக்கொண்டு, நீயே போய்த் தேடிக்கொள் என்ற தோரணையில் அனுப்பிவைக்கின்றார். செய்தியாளன் ஒருவன் எட்டிப் பார்த்து ஏதும் விசேடமுண்டா என்று கேட்க, ஒன்றுமில்லை, ஒரு சைக்கிள்தான் என்பது அதிகாரியின் விடை. ஒரு குடும்பத்தின் உயிர்நாடி ஓர் அலுவலகத்திலே எவ்வாறு 'ஒன்றுமில்லை' ஆகின்றது என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டிய வேறொரு காட்சியை நான் கண்டதில்லை. தேவாலயத்துக்குப் போகின்றான், அங்கே தருமப் பூசையின் ஒழுங்கு குலைந்துவிடக்கூடாதென்பதே கனவான்களின் கவலை. கட்சிக்காரரின் நிலவறைக்கும் போகின்றான். அங்கே ஒரு புறம் வேலையின்மை பற்றிய பேச்சு, மறுபுறம் ஆடல்பாடல் ஒத்திகை. முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் தேவாலயக் காட்சியிலே சிரித்தோம்; நிலவறைக் காட்சியிலே சற்று மௌனமானோம். ஆயினும் மறுநாள் விடியற்காலை அவனோடு தேடுவதற்கு வருபவர்கள் அந்த நிலவறையிலிருந்து வந்த குப்பை அள்ளும் தோழர்களே. டி சிக்கா இதனையும் மறைக்கவில்லை.

கள்வன் அகப்படுகின்றான். எத்தகைய கள்வன்! இடுங்கிய ஓர் அறையிலே தாயோடும் உடன்பிறப்புகளோடும் வாழும் இளைஞன். நடுத்தெருவில் வலிப்பு வந்து விழுகின்றான். தெரு முழுவதும் அவன் பக்கம் நிற்கின்றது. பொலிஸ்காரன் வந்து அறையைச் சோதிக்கின்றான்; சைக்கிளுமில்லை, சாட்சியுமில்லை. அந்தோனியோ வெறுங்கையோடு திரும்புகின்றான். ஈற்றில், விளையாட்டரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நிற்பதைக் கண்டு கண்டு மனம் பேதலித்து, சந்தியிலே தனித்து நின்ற ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு ஓடுகின்றான். பிடிபடுகின்றான். அடிக்கின்றார்கள்; தொப்பி நிலத்தில் விழுகின்றது. மகன் பார்த்துக்கொண்டிருக்கின்றான். சைக்கிள்காரன் அச்சிறுவனைக் கண்டு, போகட்டும் என்று விட்டுவிடுகின்றான்.

ஏழை ஏழையிடமே களவெடுத்தாலன்றி வாழமுடியாத உலகம் இது என்பதுதான் இப்படத்தின் சொல்லப்படாத வாதம் என்ற கருத்துப்பட எழுதினார் பிரெஞ்சு விமரிசகர் அந்திரே பஸான். வாதத்தைச் சொல்லாமல் விட்டமையே அதன் வலிமை என்றும் அவர் கண்டார். நமது முற்போக்கு எழுத்தாளர் சிலருக்கு இவ்விடத்திலே ஒரு பாடம் இருக்கின்றது. கதையின் கடைசிப் பந்தியிலே சிவந்த சூரியனை உதிக்கச் செய்யாவிட்டால் வாசகனுக்கு வர்க்க உணர்வு வராதென்று அஞ்சும் நண்பர்களை நான் அறிவேன். அந்தோனியோவுக்குச் சூரியன் உதிக்கவில்லை. கூட்டத்துள் தகப்பனும் மகனும் கைகோத்து மறைகின்றனர். ஆனால் அப்படத்தைப் பார்த்தெழுந்தவன் உலகம் இவ்வாறே இருக்கட்டும் என்று சொல்லமாட்டான்.

இங்கே படத்துக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படத்துக்குப் பணம் முடக்க முன்வந்த அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர், கேரி கிராண்ட் என்ற ஹொலிவூட் நடிகரையே நாயகனாக்க வேண்டுமெனக் கேட்டதாகச் சொல்லப்படுகின்றது. டி சிக்கா மறுத்து, லம்பேர்த்தோ மஜ்ஜொரானி என்ற தொழிற்சாலைத் தொழிலாளியைத் தெரிந்தெடுத்தார். படம் உலகப் புகழ் பெற்றது. மஜ்ஜொரானியோ தொழிற்சாலைக்குத் திரும்பிச் சென்ற சிறிது காலத்தில் ஆட்குறைப்பிலே வேலையிழந்தார். பின்னர் சிறுசிறு வேடங்களுக்காகத் திரையுலகின் கதவைத் தட்டி வாழ்ந்தார். தொழிலாளியின் முகத்தைக் கலை இரவல் வாங்கலாம். அம்முகத்துக்குரியவனுக்கு அது என்ன திருப்பிக் கொடுக்கின்றது என்ற கேள்வி நவயதார்த்தவாதத்துக்கு மட்டும் உரியதன்று. கிராமத்து மனிதரைக் கதைகளில் எழுதிப் பரிசு வாங்கும் நமக்கும் உரியது.

இவ்வளவையும் நான் அமைதியாகப் பார்த்துவிட்டேன் என்று எண்ணவேண்டாம். கள்வனின் அறையைப் பொலிஸ்காரன் சோதிக்கும் காட்சியில் எனக்கு வேறோர் இடம் நினைவுக்கு வந்தது.

2022ஆம் ஆண்டு ஆனி மாதத் தொடக்கம். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலம். மோட்டார் வாகனம் வைத்திருந்தோரும் சைக்கிளைத் தேடியலைய, சைக்கிளின் விலை ஏறிய ஏற்றத்தை யாவரும் அறிவர். அவ்வாண்டு செப்டெம்பரிலே, முன்னைய ஆண்டோடு ஒப்பிடுமிடத்து உணவுப் பொருட்களின் விலை ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்ததாகக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிற்று. நான் வகுப்பாசிரியனாயிருந்த பத்தாந் தரத்திலே பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகள் காணாமற் போகத் தொடங்கின. முதலில் ஒன்று, இரண்டு நாள் கழித்து மற்றொன்று. மூன்றாவது பெட்டி காணாமற் போன அன்று வகுப்பை நிரையாக நிறுத்திப் புத்தகப் பைகளை ஒவ்வொன்றாகத் திறப்பித்தேன். பின்வாங்கில் இருந்த பையனொருவனின் பையிலே வெறும் பெட்டி அகப்பட்டது. அவன் அழவுமில்லை, மறுக்கவுமில்லை. பெட்டியைக் கழுவி வைத்திருந்தான்.

நான் அவனை அடிக்கவில்லை. அன்று அதனையே பெரிய தருமமாகக் கருதினேன். வகுப்பின் முன்னே நிறுத்தி நேர்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். திருக்குறளிலே கள்ளாமை என்றோர் அதிகாரம் இருக்கின்றதே, தமிழாசிரியன் அதை விடுவானா? அடுத்த கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. பின்னர் எரிபொருளின்மையாற் பாடசாலைகள் மூடப்பட்டன. அது எனக்கு வசதியாயிற்று. மீளத் திறந்து சில நாட்களின் பின் இடாப்பிலே அவன் பெயரின்மேற் சிவப்புக் கோடிட்டேன். அவன் வீடு பாடசாலையிலிருந்து இரண்டு கட்டைத் தொலைவுதான். போகவில்லை.

டி சிக்காவின் படத்தைப் பார்த்த மறுநாட் போனேன். அவ்வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. பையன் தெற்கே ஏதோ கடையில் நிற்பதாக அயலார் சொன்னார்கள். எந்த ஊரென்று அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை.

இதனை இங்கே எழுதுவது பாவமன்னிப்புக்காக அன்று. படத்தின் உண்மையை எதனாலே அளக்கின்றேன் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே. என் அளவுகோல் கழுவி வைக்கப்பட்ட அந்தப் பெட்டி.

அந்த அளவுகோலோடுதான் சத்தியஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) மறுபடி பார்த்தேன். ரே 1950இல் இலண்டனிலே 'சைக்கிள் திருடர்க'ளைப் பார்த்தபின்னரே தானும் இவ்வாறு, வெளிப்புறத்திலே, தொழில்முறை சாராத நடிகரைக் கொண்டு படமெடுக்கத் துணிந்தார் என்பது பலரும் அறிந்தது. இப்படத்தின் இரயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதப்பட்டாயிற்று. நான் சொல்ல விரும்புவது மணிமாலையைப் பற்றி. அயல்வீட்டுச் சிறுமியின் மாலையைத் துர்க்கா எடுத்துவிட்டாளெனக் குற்றஞ்சாட்டப்படுகின்றாள். தாய் சர்வஜயா அவமானந் தாங்காது மகளை அடித்து இழுத்து வெளியே தள்ளுகின்றாள். துர்க்கா இறந்து, குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையிலே, தம்பி அப்பு தட்டிலிருந்து அம்மாலையைக் கண்டெடுக்கின்றான். எவருக்குஞ் சொல்லவில்லை; ஓடிச்சென்று குளத்தில் எறிகின்றான். பாசி விலகி மீண்டும் மூடிக்கொள்கின்றது.

மலைக்கள்ளனின் களவை அவனது பிறப்பு கழுவியது. துர்க்காவின் களவை மூடியவன் ஒரு சிறுவன். அவள் குற்றமற்றவள் என்று ரே நிறுவ முயலவில்லை என்பதே இங்குக் கவனிக்கற்பாலது. எடுத்தவள் அவள்தான். அதனால் அவள்மீது எமக்குள்ள அன்பு அணுவளவும் குறையவில்லை. அத்தோடு, அவள் கொய்யா பறித்த தோப்பு ஒருகாலத்தில் அவளது குடும்பத்துக்குரியதாயிருந்து, கடனின் பேரிற் கைமாறியது என்ற செய்தியையும் படம் போகிறபோக்கிற் சொல்லிச் செல்கின்றது. கொய்யா பறித்தவள் கள்ளி. தோப்பைப் பறித்தவர் அயலவர்!

புதிய தமிழ்ப் படங்களுள் நாங்கள் பார்த்தது வெற்றிமாறனின் 'விசாரணை'. 2015இல் வெனிஸ் விழாவிலே திரையிடப்பட்டது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், தாம் குண்டூர்ப் பொலிசாரிடம் அனுபவித்தவற்றை வைத்து எழுதிய 'லாக்கப்' என்ற நூலே இதற்கு அடிப்படை. பிழைப்புத் தேடி ஆந்திரத்துக்குச் சென்று, பூங்காவிலே படுத்துறங்கும் தமிழ் இளைஞர்களை, அவர்கள் செய்யாத ஒரு களவை ஒப்புக்கொள்ளுமாறு பொலிசார் வதைக்கின்றனர். கள்வர் கிடைக்கவில்லை, வழக்கு முடியவேண்டும், ஆகவே கள்வர் உற்பத்தி செய்யப்படுகின்றனர். மொழி தெரியாதவன், முகவரியில்லாதவன், கேட்பதற்கு ஆளில்லாதவன் — இத்தகைய மூலப்பொருள் இவ்வுற்பத்திக்கு மிகவும் உகந்தது. நம் நாட்டிலே இதனைப் பார்ப்போர் எவருக்கும் இந்த உற்பத்தி முறையை விளக்கவேண்டிய அவசியமில்லை. அன்றிரவு எங்கள் விறாந்தையிலே தேநீர் ஆறிப்போயிற்று.

ஆயினும் ஒரு குறை. முதற்பாதியிலே அடியின் எடையை உணரவைத்த நெறியாளர், பிற்பாதியிலே உயர்மட்ட அரசியற் சதிக்குள் நுழைந்ததும் வேகத்துக்கு இரையாகின்றார். யார் யாரை ஏமாற்றுகின்றார்கள் என்பதைப் பின்தொடர்வதிலேயே எம் கவனம் கழிந்துபோக, அவ்விளைஞர் எம் கண்முன்னிருந்து சற்றே விலகிவிடுகின்றனர். வன்முறையை இவ்வளவு நெருங்கிக் காட்டலாமா என்ற வினாவையும் நண்பரொருவர் எழுப்பினார். காட்டவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அடிபட்டவன் மறுநாள் எவ்வாறு எழுந்து நடந்தான் என்பதையும் காட்டவேண்டும். இப்படத்தின் முதற்பாதி அதனைச் செய்கின்றது.

யப்பானிய நெறியாளர் ஹிரோகசு கோரே-எடாவின் 2018ஆம் ஆண்டுப் படம் ஒன்று. கடைகளிற் சிறுகளவெடுக்கும் குடும்பம் என்பது அதன் பெயருக்குப் பொருள். அவ்வாண்டு கான் விழாவின் தங்கப்பனைப் பரிசு பெற்றது. டி சிக்காவுக்குப் பின்னர் இக்களவுப் பொருளை ஓரங்குலமேனும் முன்னே நகர்த்திய படம் இதுவே என்பேன்.

உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றின் தலைநகரிலே, உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் ஒரு பழைய சிறு வீடு. கிழவி ஒருத்தியின் ஓய்வூதியம், கட்டட வேலையிலே காலில் அடிபட்டும் நட்டஈடு கிடைக்காத ஒசாமு, சலவைத் தொழிலகத்திலிருந்து நிறுத்தப்படும் நொபுயோ, ஓர் இளம்பெண், ஷோத்தா என்ற சிறுவன். பெற்றோரின் கொடுமையால் குளிரிலே வெளியில் விடப்பட்டிருந்த சிறுமி ஒருத்தியையும் வீட்டுக்குக் கூட்டிவந்து சேர்த்துக்கொள்கின்றனர். மெல்ல மெல்லத்தான் தெரிகின்றது, இவர்களுள் எவரும் எவருக்கும் இரத்த உறவல்லர் என்பது. அரிசியும் சவர்க்காரமும் களவெடுப்பது போலவே உறவையும் அங்குமிங்குமாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கின்றார்கள்.

கோரே-எடா இவர்களைப் புனிதராக்கவில்லை. கடையிலுள்ள பொருள் இன்னும் எவருக்கும் சொந்தமாகவில்லை என்ற விசித்திரமான நியாயத்தை ஒசாமு சிறுவனுக்குப் படிப்பித்திருக்கின்றான். சிறுவன் வளர வளர அந்த நியாயம் அவனுக்குப் போதாதாகின்றது. வயோதிபக் கடைக்காரர் ஒருவர் அவனைக் கண்டும் காணாதவர் போலிருந்து, ஒருநாள் இனிப்புக் கொடுத்து, தங்கச்சியை இதிலே பழக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்புகின்றார். பொலிசும் நீதிமன்றமும் செய்யமுடியாததை அவ்வொரு சொல் செய்துவிடுகின்றது. ஷோத்தா ஈற்றில் வேண்டுமென்றே பிடிபடுகின்றான். குடும்பம் கலைகின்றது. பிள்ளைக்கு ஏன் களவு படிப்பித்தாய் என்று கேட்கும் அதிகாரிக்கு, படிப்பிப்பதற்குத் தன்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை என்ற பொருள்பட ஒசாமு விடையளிக்கின்றான். ஆசிரியத் தொழில் செய்பவன் அந்த விடையைக் கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சற்று முற்றத்திலே நின்றான் என்று மட்டும் சொல்லிவைக்கின்றேன்.

விசாரணைக் காட்சியில் நொபுயோவாக நடித்த சகுரா அந்தோவைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். பிள்ளைகள் உன்னை எப்படி அழைத்தார்கள் என்று கேட்கப்படுகின்றது. அவள் விடை சொல்லத் தொடங்குகின்றாள், சொல் வரவில்லை, உள்ளங்கையால் முகத்தைத் துடைக்கின்றாள், மீண்டும் துடைக்கின்றாள். நம் நடிகைகள் அழும்போது கண்ணீர் அழகாக வழியும். இவளுடைய கண்ணீர் அவளுக்கே இடைஞ்சலாயிருக்கின்றது. சட்டம் தன் கடமையைச் செவ்வனே செய்து முடிக்கின்றது. சிறுமியைப் பெற்றவளிடமே ஒப்படைத்துவிடுகின்றது. கடைசியிலே அக்குழந்தை மாடி விளிம்பில் தனியே நின்று எதையோ எட்டிப் பார்க்கின்றது.

இதனையடுத்த கிழமை, கொரிய நெறியாளர் பொங் ஜூன்-ஹோவின் 'பரசைற்' (2019). கானிலே தங்கப்பனை, 2020இல் ஆங்கிலமல்லாத மொழிப்படமொன்றுக்கு முதன்முதலாகக் கிடைத்த சிறந்த படத்துக்கான ஒஸ்கார். எங்கள் கூட்டத்திலுள்ள இளைஞர் யாவரும் இதனையே தலைசிறந்ததென்றனர். சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. படிக்கட்டுகளால் ஒரு சமூகத்தையே வரைந்து காட்டிவிட்டார். அரைப்பங்கு நிலத்துக்குட் புதைந்த வீட்டை வெள்ளம் மூழ்கடித்த மறுநாள், மழையினால் வானம் துப்புரவாயிற்றென்று சீமாட்டி மகிழும் காட்சியும், ஏழையின் உடல் மணம் செல்வனின் மூக்கைச் சுளிக்க வைப்பதும் மறக்கத்தக்கனவல்ல. 'மணம்' என்ற அந்த ஒன்றிலே சாதியை அறிந்த எமக்கு கொரியர் காணாத ஒரு பொருளும் புலப்படும்.

ஆனாற் படம் முடிந்தபோது எனக்குச் சதுரங்கம் பார்த்த உணர்வே எஞ்சியது. பழைய வேலைக்காரியைத் துரத்திவிட்டுப் புதிய ஏழைகள் நுழைகின்றனர். நிலவறையிலே ஏழையும் ஏழையும் மோதி மடிகின்றனர். டி சிக்கா கண்ட அதே உண்மைதான். எனினும் டி சிக்காவிடத்தில் அம்மோதல் எம்மை வெட்கப்படச் செய்தது. இங்கே அடுத்தது என்ன என்று ஆவலோடு காத்திருக்கச் செய்கின்றது. செல்வரே கைதட்டிப் பரிசளிக்கக்கூடிய விதமாக வர்க்கப் பகைமையைச் சமைத்துப் பரிமாறலாம் என்பதற்கு இப்படம் சான்றோ என்ற ஐயம் எனக்குண்டு. இளைஞர்கள் இதை ஏற்கவில்லை. "சேர், நல்லாய் ரசிச்சுப் பார்த்துப்போட்டு இப்ப குறை சொல்லுறியள்" என்றான் ஒருவன். அதுவும் உண்மையே.

இப்படங்களுள் ஒன்றை வகுப்பிலே காட்டவேண்டும் என்று தோன்றியது. பதினோராந் தரத்துக்கு, இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து, டி சிக்காவைக் காட்டினேன். கறுப்பு வெள்ளை, அந்நிய மொழி, சண்டையில்லை, பாட்டில்லை. பத்து நிமிடத்திற் கூச்சல் எழுமென அஞ்சினேன். எழவில்லை. உணவுச்சாலையிலே புரூனோ பக்கத்து மேசைச் செல்வச் சிறுவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது முன்வாங்கிலே சிலர் சிரித்தார்கள்; பின்வாங்கிலே சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் வாதம் தொடங்கிற்று. களவு களவுதான் என்றார்கள் சிலர். முதலில் எடுத்தவனைப் பிடிக்காத பொலிசிலேதான் பிழை என்றார்கள் வேறு சிலர். அந்த முதற் கள்ளனுக்குப் பிறகு என்ன நடந்தது சேர் என்று ஒரு பையன் கேட்டான். படத்தில் இல்லை என்றேன். அப்போது, வழக்கமாக வாய் திறவாத பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சைக்கிள்காரன் அவரை விட்டது மகனைக் கண்டபடியால்தானே சேர்? மகன் பக்கத்திலை நிக்காட்டி?"

மணி அடித்துவிட்டது. கணித ஆசிரியர் வாசலிலே வந்து நின்றார். நாளைக்குப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு, கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.